எலியும் திமிங்கிலமும் ஒரே சாதி

என்னோடு சேர்ந்து பல் விழுந்து, முடி நரைத்து, கண்ணாடி இல்லாமல் அரிசியில் கல் பொறுக்க ஏலாமல் போனவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளசுகளுக்குச் சொன்னால், "அந்தக் காலத்து ஆக்களுக்கு அறிவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அறிவில்லாமல் நடந்தது என்றால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறகு படித்ததெல்லாம் கடைச் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும் ஆட்களின் வாயிலும்தான். பேப்பர் பாதியில் கிழிந்திருக்கும். வாய் கிழியாது. அதனால் பழமொழி என்றால் எனக்கு உயிர். வீட்டில் கலியாணம் என்றாலும் சண்டை என்றாலும், "அவவைக் கேளுங்கோ, அதுக்கும் ஒரு சொல்லு வச்சிருப்பா" என்பார்கள். வைத்திருப்பேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் நான் வாயால் சொல்வதில்லை. அது எது என்று போகப் போகத் தெரியும்.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகு, கப்பல் திருத்தும் டொக்யாட்டில் ஆட்களைக் குறைத்தார்கள். அப்பா அங்கே கிரேன் ஓட்டியவர். வேலையோடு குவாட்டர்ஸும் போனது. ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்த பெரியம்மாவின் வீட்டுக்கு வந்து ஒதுங்கினோம். பெரியம்மா, அம்மாவின் மூத்த அக்கா. கைம்பெண். அவருக்கென்று பெரியப்பா விட்டுப்போனது இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு கிணறு, வாசலில் ஒரு மல்லிகைப் பந்தல். "எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்று அப்பா அடிக்கடி சொல்வார், பெரியம்மாவுக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டு.

டொக்யாட்டிலிருந்து அப்பா கொண்டுவந்த ஒரே சொத்து, சாமான்களை ஏலம் விட்டபோது கையில் கிடைத்த ஒரு நீலக் கம்பளித் தொப்பி. குளிர் நாட்டுக் கப்பற்காரர் போடுவது. அதை முதல் நாள் பார்த்த பெரியம்மா, "திருக்கணாமலை வெயிலுக்கு நல்ல சாமான். இதைப் போட்டுக்கொண்டோ வேலை தேடப் போறீர்?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே அதை அலுமாரியின் அடி லாச்சியில் போட்டுத் தள்ளி மூடினார். பிறகு அவர் அதைத் தேடவில்லை. நாட்கூலிக்குக் கப்பலில் மூட்டை இறக்கப் போனார்.

அந்தத் தை மாதம் எனக்குத் தம்பி பிறந்தான். எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். இடையில் அம்மாவுக்கு இரண்டு தங்கவில்லை. ஆகவே அவன் பிறந்தபோது வீட்டில் எல்லோரும் மெல்லக் கதைத்தோம். உரத்துக் கதைத்தால் அவன் திரும்பிப் போய்விடுவான் என்பதுபோல.

அவனுக்குத் துணி எடுக்க ஒருநாள் அடி லாச்சியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணத்துக்குள்ளே வேறொரு புளித்த மணம். கம்பளித் தொப்பிக்குள் ஒரு சுண்டெலி சரிந்து கிடந்தது. அதன் வயிற்றோடு ஆறு குட்டிகள், உரித்த இறால்போலச் சிவந்து, கண் திறக்காமல், உறிஞ்சிக்கொண்டிருந்தன. எலி என்னைப் பார்த்தது. ஓடவில்லை. அதன் வயிறு மட்டும் படபடவென்று அடித்தது. நான் லாச்சியை மெதுவாகத் தள்ளிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். பெரியம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கொதிதண்ணீர்தான்.

அந்தக் கிழமையில்தான் விஞ்ஞான ரீச்சர் கரும்பலகையில் ஒரு சுண்டெலியும் ஒரு திமிங்கிலமும் கீறினார். எலி மூலையில் ஒரு புளியங்கொட்டை அளவு. திமிங்கிலத்துக்குப் பலகை போதவில்லை. வால் சுவருக்குப் போய்விட்டது. அதைச் சுவரிலேயே கீறி முடித்தார். "பிள்ளையள், பாக்கிறதுக்கு ஒண்டு மணி, மற்றது மலை. ஆனால் ரெண்டும் ஒரே சாதி. ரெண்டும் முட்டை போடாது. குட்டி ஈனும், பால் குடுக்கும். பாலூட்டி."

முன் வாங்கில் இருந்த மீன்காரர் மகள் எழும்பினாள். "கடலுக்குள்ளை பால் குடுத்தால் அது கரைஞ்சு போகாதோ ரீச்சர்?"

"தாய் குட்டியின்ட வாய்க்குள்ளை பீச்சி விடும். ரத்தம் எங்கட ரத்தம்போலச் சூடு. மூச்செடுக்க மேலை வரும். நாங்களும் அந்தச் சாதியிலைதான்."

என்னால் அடக்க முடியவில்லை. "எங்கட வீட்டிலையும் ஒண்டு இருக்கு ரீச்சர். ஆறு குட்டியோடை."

"எது, திமிங்கிலமோ?" என்றார் ரீச்சர். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

நான் அந்தப் பாடத்தை வீட்டுக்கு ஓடிக்கொண்டு வந்தேன். அம்மா அறைக்குள் பாயில் இருந்து தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். "அம்மா, நீங்களும் எலியும் திமிங்கிலமும் ஒரே சாதியாம்" என்றேன்.

அம்மா குனிந்து தன்னை ஒருமுறை பார்த்தார். "எலியை எப்பவோ தாண்டியிட்டன். பெரியக்காவின்ட பத்தியச் சாப்பாட்டிலை திமிங்கிலத்தையும் பிடிச்சிடுவன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கி, தம்பியின் வாய் நழுவிவிட்டது. அவன் கோபத்தில் கை இரண்டையும் வீசினான். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்து வைத்திருக்கலாம். அப்போது அது கடைசிச் சிரிப்பு என்று யார் கண்டது?

தவக்காலம் பாதி போயிருந்தது. ஒரு புதன்கிழமை காலை, கோட்டைக்கு இந்தப் பக்கத்துக் கடற்கரையில் உண்மையான திமிங்கிலம் ஒன்று வந்து ஏறியது. இரண்டு பஸ்ஸை ஒட்டிவைத்தது போல நீளம். உயிர் இருந்தது. மூச்சு விட்டால் பஸ் பிரேக் போட்ட மாதிரி ஒரு சீற்றம். கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இன்னொரு கறுத்த முதுகு, வள்ளம் அளவு, போவதும் வருவதுமாக இருந்தது. குட்டி. ஆண்கள் கயிறு கட்டித் தள்ளிப் பார்த்தார்கள். துறைமுகத்தில் சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை விடியச் சீற்றம் நின்றுவிட்டது. முதுகு இன்னும் போய் வந்துகொண்டிருந்தது.

ஊரின் வாய் சும்மா இருக்குமா? பெரிய வழக்கே கிளம்பிவிட்டது. இது மீனா, இறைச்சியா? மீன் என்றால் வெள்ளிக்கிழமை சாப்பிடலாம், இறைச்சி என்றால் பாவம். அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் மாதா கோயில் வாசலில் பங்குச் சுவாமியை மறித்துக் கேட்டார்கள். சுவாமி மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு, "முதல் நாத்தத்தைத் தாங்குங்கோ. பாவத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றார்.

அன்று பின்னேரம் பெரியம்மா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போனார். தம்பி பிறந்து நாற்பத்தோராம் நாள். அம்மா அந்த நாற்பத்தொரு நாளும் படி இறங்கவில்லை. நான்தான் கையைப் பிடித்தேன். "ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. பெரியம்மா வாறதுக்கிடையிலை வந்திடலாம்." அம்மா தெருப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கத்தால் இறங்கினார். இரண்டு பிள்ளை பெற்றவர், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் களவாக ஓடும் பிள்ளைபோல வேகமாக நடந்தார்.

கடற்கரையில் பூவரசின் கீழ் ஒரு மரக்குத்தியில் இருந்து பார்த்தோம். செத்த மலை. அதன் அடிவயிற்றில் இரண்டு கீறல். ஒன்றிலிருந்து ஏதோ வெள்ளையாக, பற்பசைபோலத் தடித்து, கசிந்து ஈரமணலில் இறங்கிக்கொண்டிருந்தது. காலடியில் வந்த அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனது. எண்ணெய் எடுக்க வந்த கிழவர் ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பால், பிள்ளை. செத்தும் ஊறுது" என்றார்.

அம்மா எழும்பிப் போனார். கையை நீட்டி அதன் பக்கத்தைத் தொட்டார். கடலில் அந்தச் சின்ன முதுகு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தது. அம்மா திரும்பியபோது சட்டையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. தம்பி நித்திரை. யாரும் கேட்காமலே அம்மாவுக்குப் பால் இறங்கியிருந்தது. அவர் கண்ணையும் துடைத்து, சட்டையையும் சேலையால் மறைத்து, "வா, போவம்" என்றார்.

கால் கழுவினோம். ஆனால் விரலிடுக்கு மணலைப் பெரியம்மா கண்டுவிட்டார். தம்பியும் அன்று பார்த்துக் குடித்த பாலைக் கக்கினான்.

"நாப்பத்தொராம் நாள் பச்சை உடம்போடை பிணத்தைப் பாக்கப் போனியோ? தொட்டியோ?" என்று பெரியம்மா கேட்டார். அம்மா ஏச்சு வாங்குவது பொறுக்காமல் நான் நடுவில் புகுந்தேன். என் வாய் அன்றைக்கும் கிழியாத வாய்தான்.

"அது பேய் இல்லைப் பெரியம்மா. பாலூட்டி. அதுவும் அம்மாவும் ஒரே சாதி. அதிலையிருந்தும் பால் வந்தது, நாங்கள் கண்டனாங்கள்."

பெரியம்மாவின் முகம் மாறியது. கோபம் போய்ப் பயம் வந்தது. கோபத்தையாவது தாங்கியிருக்கலாம். "என்ன சொன்னாய்? செத்ததிலை பால் வந்ததோ? அதைப் பாத்தோ இவளுக்குச் சட்டை நனைஞ்சது?" கதிரையில் இருந்துவிட்டார். "ஒரே சாதி எண்டால் ஒண்டின்ட சாவு மற்றதிலை ஒட்டும். இது செத்த பால்."

பெரியம்மாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய ஒரே பிள்ளை ஏழாம் நாள் மடியில் பால் கக்கிச் செத்தது. அன்றிலிருந்து பால் கக்கும் பிள்ளையைக் கண்டால் அவர் உடனே செபமாலையைத் தேடுவார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து, அம்மாவின் பால் ஒரு துளியை அதில் விட்டார். நல்ல பால் கரையும், கெட்ட பால் அடியில் போய் நிற்கும். துளி நூல்போல அடிக்கு இறங்கியது. "பாத்தியோ" என்று கிளாசை எடுத்து முற்றத்தில் ஊற்றினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் தூக்கும்போது அந்த நூல் புகைபோல விரியத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மூச்சு நேரம் பொறுத்திருந்தால் போதும்.

பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். உங்களுக்குத் தெரியும். "பிள்ளை, ஓடிப்போய்ப் பூ ஆய்ஞ்சு வா" என்று பெரியம்மா என்னைத்தான் அனுப்பினார். பந்தல் அந்த வருஷம் அப்படிப் பூத்துக் கிடந்தது. ஓலைப்பெட்டி நிறைய ஆய்ந்தேன். பெரியம்மா அதை அம்மாவின் மார்பில் பரப்பி, பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையும் மாலையும் புதுப் பூ. கடற்கரையிலிருந்து அழுகல் நாற்றம் வீட்டுக்குள் வரும், உள்ளே மல்லிகை மணக்கும். அந்த இரண்டும் சேர்ந்த மணம் எனக்கு இன்றைக்கும் கலியாண வீடுகளில் வருகிறது. தலைவலி என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

தம்பிக்குத் தகரத்தில் அடைத்த ரின்பாலைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் கொடுத்தார்கள். அவன் தள்ளினான். அம்மாவின் மணம் வந்த பக்கம் தலையைத் திருப்பித் திருப்பி அழுதான். முதல் நாள் முழுக்க அழுதான். இரண்டாம் நாளும் அழுதான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நான் சொல்லாத சொல் அதுதான்.

அப்பா வேலையால் வந்து வாசலில் நின்று, "என்னவாம்?" என்றார். "பால் பழுது" என்றார் பெரியம்மா. அப்பா என்னைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். "பொம்பிளையளின்ட விசயம்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அடுத்தவர் வளையில் இருக்கும் எலிக்கு வேறு என்ன சொல்ல வரும்?

மூன்றாம் நாள் தயிர்க்காரக் காக்கா வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாவிலிருந்து தயிர்ச்சட்டிகளோடு மிதவைப் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து, வீடு வீடாக வருபவர். பிள்ளையின் அழுகையைக் கேட்டுப் வாசற் படலையிலேயே நின்றுவிட்டார். "என்ன அக்கா, புள்ளைக்குப் பசி கேக்குது?" என்றார். நான் முந்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சுமையை இறக்கி வைத்தார்.

"எண்ட மகளுக்கு மூணு மாசப் புள்ள. பால் ஊறி வழியுது. நாளைக்கே கூட்டி வாறன் அக்கா. ஒரு கிழமை இஞ்ச நிண்டு குடுக்கட்டும். பால் குடுத்தா அவளுக்கும் இவன் புள்ளதான், எங்களுக்கும் பேரன்தான்."

பெரியம்மா தயிரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, மரியாதையாகத்தான் சொன்னார். "வேண்டாம் காக்கா. குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் வேறை ஆக்கள், நாங்கள் வேறை ஆக்கள். பால் ரத்தத்திலை சேர்ற சாமான்."

காக்கா குனிந்து சுமையைத் தூக்கினார். படலையைத் தாண்டியவர் திரும்பி வந்து, "நாளண்டைக்கும் வருவன்" என்று மட்டும் சொன்னார். எலியும் திமிங்கிலமும் ஒரே சாதியாக இருந்த அந்த வீட்டில், கிண்ணியாவில் பால் கட்டி நோவோடு இருந்த ஒரு பெண் வேறு சாதியாகிப் போனாள். அவர் கொண்டுவந்த தயிரைச் சீனி போட்டு நாங்கள் சாப்பிட்டோம்.

அன்று மத்தியானம் நான் பெரியம்மாவின் முன்னால் போய் நின்றேன். "பெரியம்மா, நான் பொய் சொன்னனான். ரீச்சர் அப்பிடிச் சொல்லேல்லை. திமிங்கிலம் மீன்தான். அதிலை பாலும் வரேல்லை. நுரை. அம்மாவின்ட கட்டை அவிழுங்கோ."

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் ஒரு பொய்யைச் செய்ததில்லை. பெரியம்மா என் தலையைத் தடவினார். "தம்பி அழுறான் எண்டு இப்பதான் பொய் சொல்லுறாய். போ, பூ ஆய்ஞ்சு வா" என்றார். நான் உண்மை சொன்னபோதும் அவர் நம்பினார், பொய் சொன்னபோதும் கண்டுபிடித்தார். அவ்வளவு கெட்டித்தனம் அவருக்கு அன்று எங்கிருந்து வந்ததோ.

கிழமை முடிவதற்குள் தம்பிக்கு வயிற்றோட்டம். அழுகை குறைந்து, பூனைக்குட்டிச் சத்தம்போல ஆகி, பிறகு வாய் மட்டும் அசைந்தது. அப்பா அப்போதுதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது. "தாய்க்குப் பால் இல்லையோ?" என்று கேட்டார். அம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்தார். வாடிய பூக்கள் மடியில் விழுந்தன. வேறொன்றும் வரவில்லை.

அன்று பின்னேரமே தம்பி போய்விட்டான். பெரியம்மாதான் எல்லோரையும்விட உரத்து அழுதார். நெஞ்சில் அடித்து அடித்து அழுதார். அது நடிப்பில்லை. அதே கிழமையில் துறைமுகத்து இழுவைப் படகு வந்து திமிங்கிலத்தை வெளிக்கடலுக்கு இழுத்துப் போனது. அந்தச் சின்ன முதுகை எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். கண்டவர் யாருமில்லை.

தம்பிக்கு உடுத்த வெள்ளைத் துணி தேடி நான் அடி லாச்சியைத் திறந்தபோது கம்பளித் தொப்பி காலியாக இருந்தது. மயிர் முளைத்து, கண் திறந்து, ஆறும் போய்விட்டிருந்தன. எலிக்கு ஓர் அக்கா இருக்கவில்லை. அதன் குட்டிகள் பிழைத்துக்கொண்டன.

பாஸ்குத் திருநாள் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் தவணைச் சோதனை வந்தது. விஞ்ஞானத் தாளில் நாலாவது கேள்வி: சுண்டெலிக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள ஒற்றுமை ஒன்று தருக. "ஒன்றுமில்லை" என்று எழுதினேன். ரீச்சருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் வடிவான எழுத்தில், "குட்டிகளுக்குப் பாலூட்டும். வகுப்பில் கவனி!" என்று எழுதியிருந்தார்.

அந்தத் தாளை நான் ஒளித்துத்தான் வைத்தேன். அம்மா அதைக் குசினிக்குள் என் பையில் கண்டெடுத்தார். செபப்புத்தகம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தார். தம்பி போன நாளிலிருந்து அவர் என்னோடு நேரே கதைத்ததில்லை.

"உனக்கு இதுக்கு விடை தெரியும்தானே?"

"ஓம் அம்மா."

"தெரிஞ்சுகொண்டு ஏன் எழுதேல்லை?"

நான் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினேன். அம்மா தாளை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். மடிக்க ஏலாமல் போகும்வரை மடித்தார்.

"எனக்கும் தெரியும் பிள்ளை" என்றார். "என்ட பால் நல்ல பால் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

வாசல் பக்கமிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "ஆர் அங்கை? பந்தல் நிறையப் பூத்துக் கொட்டுது. மாதாவுக்குப் பூ ஆயிறதில்லையோ?"

அம்மா மடித்த தாளை அடுப்பில் போட்டார். ஓலைப்பெட்டியை எடுத்தார்.

"வாறன் அக்கா" என்றார்.